கோடை விடுமுறை அட்டவணையில் அம்மாவின் பெயர் எங்கே?

ஈரோடு பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு ஒரு வாசகி எழுதியிருக்கிறார். முப்பத்தெட்டு வயதாகும் அவர் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறார். கணவர் ஒன்பது ஆண்டுகளாக ஒரே ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறார். எட்டாம் வகுப்பு முடித்த மகள், மூன்றாம் வகுப்பு முடித்த மகன், உடன் வசிக்கும் எழுபது வயது மாமியார் ஆகியோர் கொண்ட குடும்பம். சென்ற ஆண்டு கடன் வாங்கிக் கொடைக்கானல் போனார்கள். மலைப்பாதை நெரிசலில் மணிக்கணக்காகக் காருக்குள் உட்கார்ந்திருந்ததும், மகன் வாந்தி எடுத்ததும், அறை வாடகையைக் கேட்டதும் கணவன் மனைவிக்குள் மூண்ட சண்டையும்தான் அந்தப் பயணத்தில் அவருக்கு நினைவிருப்பவை. கடன் அடையத் தீபாவளி ஆகிவிட்டது.

இந்த ஆண்டு, இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்து நாற்பதாயிரம் ரூபாயில் ஊட்டி போகலாம் என்று இவர் சொல்ல, கணவர் தனக்கு லீவு கிடைக்காது என்று மறுத்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அபாகஸ், ரோபாட்டிக்ஸ், கீபோர்டு என்று மூன்று வகுப்புகளுக்குப் போகிறார்கள். டியூஷன் ஆசிரியர் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை மே மாதமே தொடங்கிவிடலாம் என்கிறார். மகனுடைய கையிலிருந்து செல்போன் இறங்குவதில்லை. மகள் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். எல்லாவற்றுக்கும் தீர்வாகக் காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை ஓர் அட்டவணை தயாரித்து, அதன் நகலையும் அனுப்பி, ‘இது சரியா? பிள்ளைகளுக்கு ஒரு நல்ல லீவைக்கூடக் கொடுக்க முடியாத அம்மாவாகிவிட்டேனோ என்று இரவில் அழுகை வருகிறது’ என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைவிட அந்த அட்டவணைதான் என்னிடம் அதிகம் பேசியது. மகளுக்குப் பச்சை, மகனுக்கு நீலம், மாமியாருக்கு மஞ்சள் என்று வண்ணம் பிரித்து, அத்தையின் மாலை நேரக் கோயில் நடையைக்கூட மறக்காமல் குறித்திருக்கிறீர்கள். கணவரின் வார விடுமுறை நாளில் ‘முழு ஓய்வு’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கென்று ஒரு கட்டமும் இல்லை. ஆனால் அந்தத் தாளில் இருக்கும் ஒவ்வொரு கட்டமும் உங்கள் கையை நம்பியே நிற்கிறது. ஆறரைக்கு யோகா என்றால் பிள்ளைகளை எழுப்புவது யார்? பதினொரு மணிக்குப் பழச்சாறு என்றால், ஒன்பதுக்கு வேலைக்குக் கிளம்பும் நீங்கள்தான் அதை எட்டரைக்கே தயார் செய்து வைக்க வேண்டும். மாலை வகுப்புகளுக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவதும் நீங்கள்தான். பிள்ளைகளுக்கு விடுமுறை தொடங்கும் நாளில் உங்களுக்கு இரண்டாவது ஷிப்ட் தொடங்குகிறது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். அட்டவணை தேவை, ஆனால் அதில் பத்தில் எட்டை அடித்துவிடுங்கள். மிஞ்சுபவை சிறியவையாக, செலவு குறைந்தவையாக, நாள் குறித்தவையாக இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பு இன்னார் என்று எழுதுங்கள். அந்த இன்னார் எல்லா இடத்திலும் நீங்களாக இருக்கக் கூடாது.

ஊட்டியும் அடகுச் சங்கிலியும்

விடுமுறை என்றால் வெளியூர் போய்த்தான் ஆக வேண்டும் என்ற எண்ணம் உங்கள் கடிதம் முழுவதும் ஓடுகிறது. நெதர்லாந்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே நினைவுகூரத் தக்கது. பயணம் போகவிருந்தவர்கள், புறப்படுவதற்கு முன்னால், போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்தபின் இரு சாராருக்கும் பெரும்பாலும் வேறுபாடு இல்லை. தங்கள் பயணம் மிகவும் நிதானமாக, அலைச்சல் இல்லாமல் அமைந்தது என்று சொன்னவர்களுக்கு மட்டுமே வீடு திரும்பிய பிறகும் அந்த மகிழ்ச்சி சிறிது காலம் நீடித்தது. எதிர்பார்த்துக் காத்திருப்பதில் ஓர் இன்பம் உண்டு, அலைச்சலில்லாத பயணத்தில் இன்னோர் இன்பம் உண்டு என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். உங்கள் கொடைக்கானல் பயணத்தில் இரண்டும் இல்லாமல் போய்விட்டன.

மே மாதத்து ஊட்டியைப் பற்றி நடைமுறையில் ஒன்று சொல்ல வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் உச்சவரம்பு வந்தது. பாஸுக்குக் கட்டணம் இல்லை. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அது தேவையும் இல்லை. வாடகைக் கார் பேசி முன்பணம் கொடுத்தபின் பாஸ் கிடைக்காமல் தவிக்கும் குடும்பங்களில் ஒன்றாக நீங்களும் ஆக வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடகைப் பற்றி: நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் நாற்பதாயிரத்துக்கு மாதம் எண்ணூறு ரூபாய் வட்டி மட்டுமே. வங்கியில் வைத்தால் வட்டி குறையும். ஆனால் ஜூனில் பள்ளிக் கட்டணம், நோட்டு, சீருடை, காலணி என்று செலவுகள் வரிசை கட்டும்போது அசல் அப்படியே நிற்கும். தவணை தவறிப் போனால் நகை ஏலம் வரை போகும் அபாயமும் உண்டு. திருமணம், மருத்துவம், படிப்பு என்ற தேவைகளுக்காகக் காத்திருக்க வேண்டிய சங்கிலி அது. ஊட்டி ஆசையைக் கைவிடச் சொல்லவில்லை. தள்ளி வைக்கச் சொல்கிறேன். ஜூன் முதல் மாதம் இரண்டாயிரம் எடுத்து வைத்தால் டிசம்பருக்குள் பதினான்காயிரம் சேரும். அதை வைத்துக்கொண்டு, கூட்டம் குறைந்த ஒரு வாரத்தில், பேருந்தில் போய் இரண்டு இரவு தங்கி வாருங்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம் பார்த்தால் போதும். மாதாமாதம் பணம் போடும் உண்டியலைப் பிள்ளைகள் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். காத்திருக்கும் சுகத்தை அவர்களும் ஏழு மாதம் அனுபவிக்கட்டும்.

கணவரின் விடுப்பு

‘அவருக்கு எங்களைப் பற்றி அக்கறையே இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவுக்கு வருவதற்கு முன், வைகாசி முகூர்த்தக் காலத்தில் ஜவுளிக் கடையில் நிற்பவரின் நாளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். காலையிலிருந்து இரவு வரை நின்றபடியே சேலை விரித்துக் காட்டும் ஒருவர் ‘வீட்டிலேயே இருக்கட்டும்’ என்று சொல்லும்போது, அதில் அலட்சியத்தைவிடக் களைப்பே எனக்கு அதிகம் கேட்கிறது.

அதே சமயம், அவருக்கு லீவே கிடையாது என்று நீங்கள் இருவரும் நம்புவது சரியல்ல. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, ஓரிடத்தில் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடுத்த பன்னிரண்டு மாதங்களில் பன்னிரண்டு நாள் ஊதியத்துடன் கூடிய விடுமுறை உண்டு. வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் உண்டு. சட்டத்தில் இருப்பது எல்லாக் கடைகளிலும் நடப்பதில்லை என்பதை நான் அறிவேன். முகூர்த்த நெரிசலில் முதலாளியிடம் போய்ச் சட்டம் பேசுவதால் அவருக்கு மனக்கசப்புதான் மிஞ்சும். தொடர்ந்து நான்கு நாள் கேட்பதற்குப் பதிலாக, முகூர்த்தம் இல்லாத வார நாட்களாகப் பார்த்து இரண்டு தனித்தனி நாட்களை, சில வாரம் முன்னதாகவே எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். ஒன்பது ஆண்டுகள் உழைத்தவர் முறையாகக் கேட்டால் மறுப்பது எளிதல்ல. அந்த இரண்டு நாட்களையும் சுற்றித்தான் உங்கள் புதிய திட்டம் அமைய வேண்டும்.

‘போர் அடிக்குது’

இந்த ஒரு சொல்லைக் கேட்டதும் நீங்கள் குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றுவிடுகிறீர்கள். பத்து மாதம் மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் உட்கார்ந்து பழகிய பிள்ளைக்கு, மணியில்லாத நாள் முதலில் வெறுமையாகத்தான் இருக்கும். சில நாட்கள் அந்த வெறுமையைக் கடந்த பிறகே அவன் அட்டைப் பெட்டியை வெட்டுவான், எறும்புப் புற்றருகே உட்காருவான், பாட்டியிடம் கதை கேட்பான். ஒவ்வொரு முறையும் நாம் ஓடிப்போய் ஒரு வகுப்பாலோ திரையாலோ அந்த இடத்தை நிரப்பிவிட்டால், தன் பொழுதைத் தானே ஆக்கிக்கொள்ளும் திறன் வளர வாய்ப்பே இருக்காது. சும்மா இருந்தால் பிள்ளை கெட்டுவிடுவான் என்ற அச்சத்தைத் தயவு செய்து விட்டுவிடுங்கள்.

வகுப்புகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். தேர்வு பிள்ளையுடையதாக இருக்கட்டும். என்னைக் கேட்டால் நீச்சல் என்பேன், ஏனெனில் அது உயிர் காக்கும் கலை. சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பை முழுவதும் நின்று பாருங்கள்: பயிற்சியாளர் குளத்தின் ஓரத்திலேயே இருக்கிறாரா, ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள், பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளரும் தனி உடைமாற்றும் அறையும் உண்டா என்பதையெல்லாம் நேரில் பார்க்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பாடம் ஜூன் வரை காத்திருக்கும். ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு சொல்கிறது. 1992-இல் இந்தியாவும் அதை ஏற்றிருக்கிறது. டியூஷன் ஆசிரியரிடம் தயங்காமல் ‘ஜூனில் பார்க்கலாம் சார்’ என்று சொல்லிவிடுங்கள்.

செல்போனை அடியோடு பிடுங்கி வைக்கும் திட்டமும் உங்கள் தாளில் இருக்கிறது. பகலில் நீங்கள் இருவரும் வீட்டில் இல்லாதபோது, எழுபது வயதுப் பாட்டி காவலராக நின்று அதை நிறைவேற்ற முடியாது. தினமும் சண்டைதான் நடக்கும். ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகள் திரை பார்ப்பது நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. வெளியே போக முடியாத உச்சி வெயில் நேரத்தில் ஒரு மணி, மாலையில் அரை மணி என்று அவனோடு பேசியே முடிவு செய்யுங்கள். படுக்கும் இடத்தில் போன் வேண்டாம். இந்த விதி பெரியவர்களுக்கும் பொருந்தினால்தான் நிற்கும். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக அறுபது நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மாலை ஐந்தரைக்குமேல் தெருவில் ஒரு பந்து இருந்தால் அது தானாக நடந்துவிடும்.

எவற்றை வைத்துக்கொள்ளலாம்

உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருப்பவற்றிலிருந்தே தொடங்குகிறேன். அத்தை ஒவ்வோர் ஆண்டும் வத்தல் போடுவார் என்றும், ‘அந்த வேலை வேறு’ என்றும் சலிப்போடு ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதையே இந்தக் கோடையின் முதல் திருவிழா ஆக்குங்கள். தலைமை அத்தைக்கு, வேலை பிள்ளைகளுக்கு. ஜவ்வரிசியை முதல்நாள் இரவே ஊறப்போட வேண்டும். ஊறியதா என்று விரலால் நசுக்கிப் பார்ப்பது மகன். பச்சை மிளகாய், உப்பு, பெருங்காயத்தை அரைப்பது மகள். விடியற்காலையில் கூழ் கிண்டி, மொட்டை மாடியில் நனைத்துப் பிழிந்த பழைய வேட்டியை விரித்து, கரண்டி கரண்டியாக ஊற்றிவிட்டு வெயில் ஏறும்முன் இறங்கிவிடலாம். நிழலில் உட்கார்ந்து காக்கை விரட்டுவது யார் முறை என்பதில் பிள்ளைகளுக்குள் ஒரு சண்டை வரும், வரட்டும். மாலையில் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்புறம் தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றாக உரித்தெடுக்கும்போது, ஓரம் காய்ந்தும் நடுவில் பிசுபிசுவென்றும் இருக்கும் அரைகுறை வத்தலைத் தின்பதற்கு நிகரான தின்பண்டம் கடையில் கிடையாது. இந்த இரண்டு நாளுக்கான செலவு ஒரு சினிமா டிக்கெட் அளவுகூட வராது. அத்தைக்கோ, பேரப்பிள்ளைகள் தன்னைத் தேடி வரும் இரண்டு நாட்கள் அவை.

அடுத்தது இரவு மொட்டை மாடி. சாயங்காலமே தரையில் தண்ணீர் தெளித்து வைத்தால் ஒன்பது மணிக்குப் பாய் விரிக்கலாம். மே மாத முன்னிரவில் வடக்கே உயரத்தில் சப்தரிஷி மண்டலம் தெரியும். அதன் வால் வளைந்து போகும் வழியிலேயே கண்ணைக் கொண்டுபோனால் செம்மஞ்சளாகச் சுவாதியும், அதையும் தாண்டிப் போனால் வெள்ளையாகச் சித்திரையும் தென்படும். உங்களில் யாருக்காவது இவை ஜன்ம நட்சத்திரமாக இருந்தால் பிள்ளைகளுக்கு இன்னும் குதூகலம். கதவைச் சாத்திக்கொள்ளும் மகள் இருட்டில், முகம் பார்க்க வேண்டாத இடத்தில், சில சமயம் தானாகப் பேசத் தொடங்குவாள். அப்போது அறிவுரை சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள். பதின்மூன்று வயதில் கதவைச் சாத்துவது பெரும்பாலும் வளர்ச்சியின் அடையாளமே; சாப்பாடும் தூக்கமும் குறைந்து, தோழிகளையும் தவிர்க்கிறாள் என்றால் மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும்.

அவளுக்கு நான் பரிந்துரைப்பது ஒரு முழு நாளின் அதிகாரம். கணவரின் விடுப்பு நாட்களில் ஒன்றை அவளிடம் ஒப்படைத்து, ஆயிரம் ரூபாயைக் கையில் கொடுத்து, எங்கே போவது, எந்தப் பேருந்து, என்ன சாப்பாடு, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை அவளே முடிவு செய்யட்டும். பவானி கூடுதுறை, பவானிசாகர் அணைப் பூங்கா, கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கொடிவேரி எல்லாம் உங்களுக்கு ஒரு நாள் தூரம்தான். கொடிவேரி என்றால் வார நாளில் போங்கள். நீர்வரத்து அதிகமானால் குளிக்கத் தடை விதிப்பார்கள் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவள் திட்டத்தில் குறை இருந்தாலும் நடுவில் புகுந்து திருத்தாதீர்கள்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வாரம் ஒருநாள் மகனை நூலகத்துக்கு அப்பா அழைத்துப் போகட்டும். நுங்கு வண்டி வரும் நாளில் எல்லோரும் தெருவிலேயே நின்று தின்னுங்கள். சேலம் குண்டு, மல்கோவா, செந்தூரா, இமாம் பசந்த் என்று வாரம் ஒரு மாம்பழம் வாங்கி, எது முதலிடம் என்று வீட்டில் ஓட்டெடுப்பு நடத்துங்கள். பல்லாங்குழியும், மூன்று புலி பதினைந்து ஆடு வைத்து ஆடும் ஆடு புலி ஆட்டமும் அத்தைக்குத் தெரிந்திருக்கும்; தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டால் போதும். வாரத்துக்கு இரண்டுக்கு மேல் எதையும் எழுதி வைக்காதீர்கள். மீதி நாட்கள் வெறுமனே கிடக்கட்டும்.

அம்மா வீட்டுக்கு அனுப்புவது பற்றி

பத்து நாள் உங்கள் அம்மா ஊருக்கு அனுப்பத் தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அனுப்பலாம் என்பதே என் கருத்து. அத்தையின் சுமை குறையும், உங்களுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். ஆனால் உங்கள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. கோடையில் கிணற்றிலும் வாய்க்காலிலும் பிள்ளைகளைப் பறிகொடுக்கும் செய்தி வராத ஆண்டே இல்லை. நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடவே தண்ணீரில் இறங்காமல் பிள்ளைகள் இறங்கக் கூடாது என்பதை உங்கள் அப்பாவிடமும் தம்பியிடமும் நேரடியாகச் சொல்லி உறுதி வாங்குங்கள். வழக்கமாக மே 4 முதல் 28 வரை வரும் அக்னி நட்சத்திர நாட்களில் பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை வெளி விளையாட்டு வேண்டாம். மோரோ எலுமிச்சைச் சாறோ அடிக்கடி கொடுக்கச் சொல்லுங்கள். உறவினர் வீடாக இருந்தாலும், யாராவது தொடுவது பிடிக்கவில்லை என்றால் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு உடனே உங்களுக்குப் போன் செய்யலாம் என்பதை இருவரிடமும் கிளம்பும் முன் பேசிவிடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்பதும் மகளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

உங்களுக்கான கட்டம்

கடிதத்தின் ஓரத்தில், திருமணத்துக்கு முன் மத்தியான வேளைகளில் தரையில் படுத்துக்கொண்டு தொடர்கதை படித்த காலம் ஒன்று இருந்தது என்று எழுதிவிட்டு, அதை அடித்தும் இருக்கிறீர்கள். அடித்த வரியை நான் படித்துவிட்டேன். புதிய தாளில் முதலில் எழுத வேண்டியது அதுதான்: சனிக்கிழமை மதியம் இரண்டு முதல் ஐந்து வரை, உங்கள் பெயரில். அந்த மூன்று மணி நேரமும் அடுப்படியும் பிள்ளைகளும் அத்தையின் தேநீரும் மற்றவர்கள் பொறுப்பு. கணவர் அன்று கடையில் இருந்தால், மகளால் தேநீர் போட முடியும், மகனால் தண்ணீர்க் குடத்தைப் பார்த்துக்கொள்ள முடியும். முதல் வாரம் யாராவது மூன்று முறை வந்து கூப்பிடுவார்கள், எழுந்து போகாதீர்கள்.

நல்ல அம்மாவா என்று கேட்டீர்கள். சோர்ந்து போன அம்மா என்பதுதான் கடிதத்திலிருந்து நான் அறிவது. சோர்வுக்கு மருந்து ஓய்வு. கூடுதல் உழைப்பால் அதைப் போக்க முடியாது. இந்த மாற்றங்களைச் செய்து இரண்டு வாரம் பாருங்கள். அதன் பிறகும் இரவில் அழுகை தொடர்ந்தால், தூக்கம் கெட்டால், பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல் போனால், இது விடுமுறைத் திட்டத்தைத் தாண்டிய விஷயம் என்று எடுத்துக்கொண்டு, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ அருகிலுள்ள ஆலோசகரிடமோ போங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.